மாமா அறுத்த செம்மறி

என் வயதுக்காரிகளே, மூக்கைப் பொத்திக்கொண்டு கேளுங்கள். சாய்ந்தமருதிலிருந்து காரைதீவுக்குப் போகும் வழியில், இரண்டு ஊரும் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும் இடத்தில், ஒரு பள்ளம் கிடந்ததே, அங்கிருந்துதான் நான் தொடங்க வேண்டியிருக்கிறது. முக்காட்டுத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டு நாம் ஓடிக் கடந்த பள்ளம். நம் ஊர் ஆட்கள் மாட்டுக்குடலைக் கொண்டுபோய் அதில் கொட்டினார்கள். காரைதீவுத் தமிழ் ஆட்கள் மீன் செதிலையும், சலூனில் கூட்டிய தலைமயிரையும் கொட்டினார்கள். வேறு எதிலும் ஒத்துப்போகாத இரண்டு சனம் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒரு வாய்ச் சண்டை கூட இல்லாமல் ஒத்துப்போனது. எல்லை என்றால் இரண்டு பக்கமும் துப்புகிற இடம் என்று எனக்கு எந்த ஆசிரியரும் சொல்லித் தரவில்லை. காற்று சொல்லித் தந்தது.

பள்ளம் இன்றைக்கும் இருக்கிறது. போன கிழமை அதைக் கடக்கும்போது பிள்ளைகளின் பம்பர்ஸும் கோழி இறகும் வேலியில் பூத்திருந்தன. ஓட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "மூக்கப் பொத்துங்க ராத்தா, நம்மட பூந்தோட்டம் வருகுது" என்றார். நான் பொத்தவில்லை. எனக்கு அந்த நாற்றம் வேண்டியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு போனால்தான் என் மாமாவிடம் போய்ச் சேர முடியும்.

கச்சான் காற்றடிக்கிற மாதங்களில் நோன்பு வந்த வருடம். மேற்கிலிருந்து சூடாக வீசும் அந்தக் காற்று வயல் வட்டைகளின் புழுதியையெல்லாம் வாரிக்கொண்டு வந்து நோன்பாளிகளின் உதட்டில் அப்பியது. கிணற்று வாளி தண்ணீரைத் தொடுவதற்கு முன்னமே கயிறு முடிந்துவிடும். அந்தக் காற்றோடுதான் உம்மாவின் தம்பி, என் மாமா, அவுஸ்திரேலியாவிலிருந்து வந்து இறங்கினார்.

கலியாணம் முடித்த கையோடு சவூதிக்கு ஆடறுக்கப் போனவர். அங்கிருந்து ஒரு ஏஜென்சிக்காரர் அவரை இன்னும் தூரத்துக்கு அனுப்பிவிட்டார். முஸ்லிம் நாடுகளுக்கு இறைச்சி ஏற்றுகிற ஒரு நாட்டுப்புற ஊர். அறுக்க முஸ்லிம் கை வேண்டியிருந்ததால் இவருடைய கையும் அங்கே போனது.

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீடு பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை உம்மாவின் வீட்டிலிருந்து பெண்சாதியின் வீட்டுக்கு நடக்கிறான், இடையில் அவனுக்கென்று ஒரு கூரை கிடையாது. மாமி தாயில்லாப் பிள்ளை. அவருடைய சீதன வீட்டில் அவருடைய வாப்பாவும் இருந்தார். பள்ளிவாசல் மரைக்கார் அவர். ஊரில் நாலு பேர் கூடினால் முதல் கதிரை அவருக்குத்தான். உறுதிப் பத்திரம் மகளின் பெயரில், அதிகாரம் வாப்பாவின் வாயில். மண் தரையாகக் கிடந்த அந்த வீட்டுக்கு மாமாவின் உழைப்பில் சிவப்புச் சீமெந்து பூசி, ஓடு போட்டு, இரும்புக் கேற்றும் மாட்டியாகியிருந்தது.

மாமா வந்த அன்று அசர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் நிர்வாகத்தார் அந்தச் சிவப்புத் தரைக்கு வந்தார்கள். மரைக்கார், பள்ளியில் தொழுகை நடத்துகிற லெப்பை, மாட்டிறைச்சிக் கடைக்காரர். நாங்கள், பொடிசுகள், ஜன்னல் கம்பியில் தொங்கினோம். மாமா ஒரு பெரிய பெட்டியைத் திறந்தார். உள்ளே டின்கள். அடி அகன்று தலை ஒடுங்கிய டின்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்னத் திறப்பு, விளையாட்டுச் சாவி போல, ஒட்டியிருந்தது. திறப்பைத் தகரத்தின் நாக்கில் மாட்டிச் சுற்றச் சுற்றத் தகடு நாடாபோல் உரிந்து வரும் என்று சுற்றிக் காட்டினார். அவருடைய கையில் ஒரு வாசம் இருந்தது. ஆட்டு மயிரின் நெய். எத்தனை முறை தேசிக்காய் தேய்த்தாலும் போகாது என்றார்.

"நோன்பு திறக்கிறதுக்கு எல்லா வீட்டுக்கும் குடுப்பம் எண்டு கொண்டந்த" என்றார். "இது நான் வேலை செய்யிற இடத்து இறைச்சி. என்ட கையால அறுத்தது."

இறைச்சிக்கடைக்காரர் ஒரு டின்னைக் காதோடு வைத்து ஆட்டிப் பார்த்தார். பகல் முழுக்க ஈ மொய்க்கும் கடையின் சொந்தக்காரர்.

"ஒவ்வொரு ஆட்டுக்கும் அல்லாஹ்ட பேரால பிஸ்மி சொல்லித்தான் அறுத்தீங்களா தம்பி?"

வேறு யாராக இருந்தாலும் ஓம் என்று சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போயிருப்பார்கள். மாமா யோசித்தார். கேள்வி கேட்டால் யோசித்துப் பதில் சொல்வது அவருடைய சுபாவம்.

"சொன்னன் காக்கா. ஆனா அங்க ஆடு சங்கிலியில தொங்கி வரும். ஒரு கழுத்து போக மத்தக் கழுத்து வந்து நிக்கும். தொண்டை காஞ்சா மனசுக்குள்ள சொன்னன். சில நேரம் கை ஓடின ஓட்டத்துக்கு வாய் ஓடியிருக்காது. அப்படியும் இரிக்கும்."

"அப்படியும் இரிக்கும் எண்டா?"

"எல்லாம் எனக்கு நினைவில்ல. அல்லாஹ்வுக்குத் தெரியும்."

மரைக்கார் லெப்பையின் பக்கம் திரும்பினார். லெப்பை தஸ்பீஹ் மணியை இரண்டு தள்ளு தள்ளிவிட்டு, "சந்தேகம் எண்டா விட்டுட்டுப் பேணுதலா இரிக்கிறது நல்லதுதான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அதைப் பிடித்துக்கொண்டு மரைக்கார் எழுந்தார். "முஸ்லிம்களுக்குச் செத்த இறைச்சி தீத்திட்டு வந்திரிக்கார் என்ட மருமகன். வெள்ளிக்கிழமை பள்ளியில எழும்பி, நான் அறுத்ததெல்லாம் ஹராம் எண்டு ஊரறியச் சொல்லட்டும். தவ்பா செய்யட்டும். அதுவரைக்கும் இந்தப் படி மிதிக்கப்படாது. இந்தப் பெட்டிய எல்லைப் பள்ளத்தில கொண்டுபோய்க் கொட்டுங்க. காரைதீவு நாய் தின்னட்டும்."

அந்தப் படியின் சீமெந்து மாமாவுடையது. அதன் மேல் நின்றுகொண்டே மரைக்கார் சொன்னார். அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை. இன்றைக்கு நினைத்தால் வாயில் எச்சில் ஊறுகிறது, துப்புவதற்கு.

மாமா தன் பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். உடன்பிறந்த ராத்தாவின் விறாந்தையில் படுக்கிற ஆம்பிளை என்றால் நம் ஊரில் அதை விடக் கேவலம் ஒன்றில்லை. வேலிக்கு அப்பாலிருந்து சிரிப்பு வரும். "என்னகா, உங்கட வீட்டுக்குப் புது மாப்புள வந்திரிக்காராம்?" என்று உம்மாவைக் கேட்பார்கள். என் வாப்பா சாகாமத்து வயலில் காவல். இந்தச் சிரிப்பையெல்லாம் உம்மா தனியாகவே மென்றார்.

"ஒரு வார்த்தை சொல்லிட்டு வீட்ட போயிடு தம்பி" என்றார் உம்மா. "வாய்தானே."

"வாய்தான் ராத்தா. இந்த வாயாலதான் பிஸ்மியும் சொன்ன." மாமா சுவரைப் பார்த்தபடி சொன்னார். "நான் மட்டுமா அறுக்கிற? அங்க என்னோட நிண்டு அறுக்கிற மனிசரையும் சேத்து ஹராமாக்கிட்டு நான் பெண்சாதிட வீட்டுக்குள்ள போகவா?"

அந்த மனிதர்கள் யாரென்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஒரு பின்னேரம் உம்மா ரொட்டிக்கு மா அரித்துக்கொண்டிருந்தார். மாமா சுளகைத் தன் பக்கம் இழுத்து, மாவைத் தட்டையாகப் பரப்பி, விரலால் ஒரு கோடு போட்டார்.

"இந்தா, இது ரயில் பாதை. பேர்த் எண்ட பட்டணத்தில இருந்து தெற்கால வாற. இங்கால கோதுமை, அங்கால செம்மறி. கண்ணுக்கெட்டின மட்டும் தட்டை. எங்கட பள்ளி மினாராவ விட உசரமா, கோதுமை கொட்டி வைக்கிற கோபுரம் நிக்கும். ஊர் எண்டா இவ்வளவுதான்." நகத்தால் ஒரு புள்ளி குத்தினார்.

"கடல்?"

"கடல் இல்ல மகள். ஏரி இரிக்கி. தண்ணி இல்லாத ஏரி, முழுக்க உப்பு. கபன் துணி விரிச்ச மாதிரி வெள்ளையாக் கெடக்கும். சுத்திவர மரமெல்லாம் செத்து நிண்டபடி நிக்கும்."

"ஏன் செத்த?"

"கோதுமை போடுறதுக்கு வெள்ளக்காரன் காட்டையெல்லாம் வெட்டினான். குடிக்கிறதுக்கு மரம் இல்லாமப் போக, நிலத்துக்குக் கீழ கெடந்த தண்ணி மேல வந்திச்சு. வரக்குள்ள உப்பையும் கூட்டிக்கொண்டு வந்திச்சு. வெட்டாம விட்ட மரமும் அதில செத்துப் போச்சு."

பிறகு கோட்டுக்கு இரு பக்கமும் மாவைக் குவித்தார். "இங்கால வெள்ளக்காரர்ர வீடுகள். தண்டவாளத்துக்கு அங்கால, குப்பை கொட்டுற மேட்டுக்குக் கிட்ட, அந்த மண்ணுக்குச் சொந்தக்காரர். எங்கள விடக் கறுப்பு. தோல் காயப்போடுற கொட்டில்ல ஒருவர் இரிக்கார். அவர்ர வாப்பாட காலத்தில பொழுது பட்டா ஊருக்குள்ள நிக்கப்படாதாம். நிண்டா பொலிசு பிடிக்குமாம். நடுவில நாங்க. மலாய்க் குடும்பங்கள், கடலுக்கு நடுவில ஒரு தீவில பொஸ்பேற்றுக் கிண்டிட்டு இருந்த ஆக்கள். ஆடறுக்க வந்து தங்கிட்டாங்க. ஒரு வீட்டைப் பள்ளியாக்கித் தொழுறம்."

நான் மாவைப் பார்த்தேன். நம் பெருவீதி எனக்குத் தெரிந்தது. ஒரு துண்டு நம் சோனகர், ஒரு துண்டு தமிழர், மறுபடி சோனகர், மறுபடி தமிழர், துண்டுகளுக்கு நடுவில் நாற்றம்.

"அப்ப நம்மட ஊர் மாதிரித்தான்."

மாமா சிரித்தார். வந்த பிறகு முதல் சிரிப்பு. "ஓம் மகள். கடலை எடுத்துட்டு உப்பைப் போட்டா நம்மட ஊர்தான்."

"நோன்பு திறக்க ரொட்டி இல்ல, ரெண்டு பேரும் அவுஸ்திரேலியாவக் கிண்டிக்கொண்டிருங்க" என்று உம்மா சுளகைப் பறித்துத் தட்டினார். ரயில் பாதையும் உப்பு ஏரியும் ஒன்றாகக் கலந்தன. அன்று அந்த நாட்டை ரொட்டியாகச் சுட்டுத் தின்றோம்.

அதற்கு அடுத்த நாளோ என்னவோ, காரைதீவிலிருந்து தயிர் கொண்டு வருகிற அக்கா முட்டியை இறக்கி வைத்துவிட்டு உம்மாவைச் சீண்டினார்.

"உங்கட ஆக்கள் குப்பை கொட்டுறதிலயும் ஏமாத்துறாங்கள் பிள்ளை. பெரிய பெட்டி ஒண்டு பள்ளத்தில கெடந்திச்சு, இங்கிலீசு எழுத்தெல்லாம் போட்டு. என்னமோ கெடக்கு எண்டு எங்கட பொடியனுகள் ஓடிப்போய்ப் பிரிச்சா, உள்ளுக்கு முழுக்கத் தேங்காத் தும்பு. வெறும் பெட்டியக் கொட்டவும் எங்கட எல்லைதானா கெடச்சிச்சு?"

உம்மாவின் கை தயிர்ச் சட்டியில் நின்றுவிட்டது. பெட்டியைக் கொட்டுகிற பொறுப்பை மரைக்கார் தன் மகளிடம்தான் கொடுத்திருந்தார். வெறும் பெட்டி போயிருந்தால் டின்கள் எங்கே என்பது உம்மாவுக்கும் விளங்கியது, எனக்கும் விளங்கியது. உம்மா என்னைப் பார்த்தார், நான் முகட்டைப் பார்த்தேன்.

நோன்பின் கடைசிப் பத்தில் மரைக்கார் நிர்வாகத்தாரை நோன்பு திறக்க வீட்டுக்கு அழைத்தார். கஞ்சி வாங்கத் தூக்குச்சட்டியோடு நான் போனேன். குசினியில் மாமி அகப்பையால் துழாவிக்கொண்டிருந்தார். தேங்காய்ப்பால், உள்ளி, கறுவா, றம்பை, அவற்றுக்குள்ளிருந்து ஒரு புது மணம், தடித்த கொழுப்பின் மணம். மாமாவின் கை மணம். மாமியின் கண் நெருப்பைப் போலச் சிவந்திருந்தது.

"மாமாவ நோன்பு திறக்கிற நேரத்துக்குக் கேற்றடிக்கு வரச் சொல்லு" என்றார். "வேற ஒண்டும் சொல்லாத."

ஓடிப்போய்ச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். பாங்கு கேட்டது. பேரீச்சம்பழம், தண்ணீர், பிறகு கஞ்சி. பகல் முழுக்கக் காற்றைக் குடித்திருந்த மூன்று பெரிய மனிதர்கள் கோப்பையை வாயில் வைத்து உறிஞ்சிய சத்தம் இன்னும் என் காதில் வழிகிறது. தாடியில் கஞ்சி, விரலிடுக்கில் கஞ்சி. இரண்டாம் கோப்பையும் கேட்டார்கள்.

"இறைச்சி என்ன பதம்" என்றார் மரைக்கார்.

"நம்மட கடையில எடுத்ததுதானே மரைக்கார்" என்றார் இறைச்சிக்கடைக்காரர். "இண்டைக்கு இளங்கண்டு. நாக்கிலயே கரையும்."

எப்போதும் திரைக்குப் பின்னால் நின்று சட்டியை நீட்டுகிற மாமி அன்று தானே வெளியே வந்தார். தட்டத்தில், பேரீச்சங்கொட்டைகளுக்கு நடுவில், தகட்டு நாடா சுற்றிய ஒரு சின்னத் திறப்பை வைத்தார்.

"கடையில எடுத்ததில்ல. உங்கட மருமகன் அறுத்தது. கேற்றடியில நிக்கிறார் வாப்பா. கூப்பிடவா?"

இறைச்சிக்கடைக்காரரின் கை கோப்பைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. மரைக்கார் கிணற்றடிக்கு ஓடி, விரலைத் தொண்டைக்குள் விட்டு ஓங்கரித்தார். ஒன்றும் வரவில்லை. நான் லெப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய வாய் நிறைய இருந்தது. துப்புவதற்கு எழும்புவார் என்று நினைத்தேன். அவர் கண்ணை மூடினார். தொண்டைமணி மேலேறிக் கீழே இறங்கியது. விழுங்கிவிட்டார்.

மரைக்கார் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். மகளைப் பார்க்கவில்லை. நேரே கேற்றுக்குப் போனார். கம்பிகளுக்கு அப்பால் மாமா நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சாரன், வெள்ளைத் தொப்பி, கையில் ஒரு பேரீச்சம்பழம், இன்னும் கடிக்காதது. மரைக்கார் கேற்றைப் பூட்டித் திறப்பை மடியில் செருகினார்.

"இது என்ட வீடு வாப்பா" என்றார் மாமி.

"உன்ட வீடுதான். உள்ள போ."

பிறகு மூவரும் தலையைச் சேர்த்துக் கதைத்தார்கள். அவர்களுடைய கணக்கு எனக்குப் பிறகுதான் விளங்கியது. அந்த இறைச்சி ஹலால் என்றால் அவர்கள் சொன்ன தீர்ப்புப் பொய். ஹராம் என்றால் அவர்கள் தின்றது ஹராம். இரண்டும் வெளியே போகக்கூடாது என்றால் ஒரே வழிதான் இருந்தது. மாமா ஊரில் இருக்கக்கூடாது.

"நாங்க இங்க ஒண்டும் தின்னல்ல" என்றார் மரைக்கார் என்னிடம் குனிந்து. வாயில் கறுவா மணத்தது. "நீ ஒண்டும் காணல்ல. என்ன மகள்?"

மிச்ச டின்களைத் தானே தூரக் கொண்டுபோய் எறிவதாகச் சொல்லி இறைச்சிக்கடைக்காரர் சாக்கில் கட்டித் தூக்கிப் போனார். பெருநாள் கழிந்து பள்ளிக்கூடம் தொடங்கியபோது அவருடைய மகன் கழுத்தில் ஒரு மாலை போட்டு வந்தான். சின்னச் சின்னத் திறப்புகள், நூலில் கோத்தது. நடக்கும்போது கிலுங்கும். நீங்கள்கூட அதில் ஒன்று தரச் சொல்லி அவனுக்குப் பின்னால் ஓடினீர்களே, நினைவிருக்கிறதா?

மாமா பெருநாளுக்கு முன்னமே கொழும்பு பஸ் ஏறிவிட்டார். ஜன்னலால் கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டார். செம்மறி மணத்தது. "மாமிக்குச் சொல்லு, கஞ்சி நல்லமாம் எண்டு" என்றார். அவர் அதை ஒரு வாய் கூடக் குடிக்கவில்லை.

மாமாவோடு உள்ள கலியாணத்தைப் பிரித்தெழுதும்படி மாமியிடம் சொன்னார்கள். மாட்டேன் என்றார். தன்னோடு வந்துவிடும்படி மாமா அங்கிருந்து ஆள்மூலம் கேட்டனுப்பினார். மரைக்கார் விடவில்லை. மரைக்கார் மௌத்தாகி மண்ணுக்குப் போன பிறகு மாமி அந்தக் கேற்றைப் பூட்டவே இல்லை, ஆடும் நாயும் நுழைந்தாலும் பூட்டவில்லை. ஆனால் வந்தது ஒரு மலாய்க்காரரின் டெலிபோன்தான். ரயில் பாதைக்கு அப்பால், உப்பு ஏரிக்குப் போகும் வழியில், கிப்லாவைப் பார்த்து அடக்கியிருக்கிறார்களாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதைச் சொல்லும்போதுதான் எனக்கு அதிகம் குமட்டுகிறது. தலை நரைக்கத் தொடங்கிய பிறகு, ஒரு பெண்கள் பயானில், மார்க்கப் பேச்சுக்கு நடுவில், முக்காட்டுக்குள் தூங்கி வழிந்துகொண்டிருந்த எனக்கு ஒரு வரி காதில் விழுந்தது. நாம் ஷாபி மத்ஹபுக்காரர்கள், அந்தச் சட்டவழியில் நடக்கிறவர்கள். அறுக்கும்போது பிஸ்மி சொல்வது நம்மிடம் சுன்னத்து, சொன்னால் நன்மை, கட்டாயமில்லை. வாய் மறந்துபோனாலும், அறுத்தது முஸ்லிமின் கை என்றால், அது ஹலால். நம் பிள்ளைகள் ஓதுகிற சின்னக் கிதாபிலேயே இருக்கிறதாம். அதை ஊர்ப் பொடியன்களுக்கு ஓதிக் கொடுத்தவர் அந்த லெப்பைதான். அன்று சிவப்புத் தரையில் உட்கார்ந்திருந்தபோதும் அவருக்குத் தெரியும், கஞ்சியை விழுங்கியபோதும் தெரியும். தனக்குச் சோறு போடுகிற மரைக்காரின் முகத்தைப் பார்த்துப் பேணுதல் என்றார். நம் மரங்களை யாரும் வெட்டவில்லை, என் வயதுக்காரிகளே. ஆனாலும் உப்பு மேலே வந்துவிட்டது.

போன நோன்புக்கு மாமியின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவருக்கு இப்போது முதுகு வளைந்துவிட்டது. சகோதரங்களின் பேரப்பிள்ளைகள் நோன்பு திறக்க வந்து, அந்தச் சிவப்புத் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். திறப்பு மாலை போட்டு வந்த பொடியன் இன்று பெருவீதியில் கண்ணாடிக் கதவு போட்ட கடைக்கு முதலாளி. ஃபிறீசருக்குள் பனி பிடித்த பெட்டிகள், பெட்டிகளில் பச்சை ஹலால் முத்திரை. அவனுடைய கடை இறைச்சிதான் அன்று எல்லோரும் சேர்ந்து தின்னும் சஹனில், சோற்றின் மேல், நெய் மினுங்கக் கிடந்தது.

"ஒரிஜினல் ஒஸ்ரேலியன் ஆடு சாச்சி" என்றான் மாமிக்குப் பேரன்முறையான ஒரு பையன், எனக்கு ஒரு துண்டை இழுத்து வைத்து. "தின்னுங்க. வாயில போட்டாப் பஞ்சு."

எனக்கு நாக்கு அரித்தது. "ஒவ்வொரு ஆட்டுக்கும் பிஸ்மி சொன்னாங்களாமா?" என்று கேட்டேன்.

எல்லோரும் சிரித்தார்கள். "இதென்ன சாச்சி கேள்வி, சீல் அடிச்சிரிக்கே" என்றான் ஒருவன். இன்னொருவன் வாய் நிறைய வைத்துக்கொண்டே தலையாட்டினான்.

மாமி தன் பக்கத்துச் சோற்றிலிருந்த இறைச்சியை விரலால் ஒவ்வொரு துண்டாக ஒதுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"கேக்காமத் தின்னுங்க" என்றார். "கேட்டா யோசிச்சுப் பதில் சொல்ற ஒரு மனிசன் இருந்தார். அவர அனுப்பிட்டம்."